வகுப்புக்குள் வரட்டும் அந்தக் கேள்வி

மறைக்கல்வி: வாசகர் கேள்விகளும் ஆசிரியையின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே கைப்பேசியைச் சுற்றித்தான். பெற்றோர் எழுதியிருக்கிறார்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். வார நாள்களில் பள்ளியில் வரலாறும் ஞாயிறன்று கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் சொல்லித்தருகிறவள் நான். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

என் மகனுக்கு 15 வயது. உறுதிபூசுதல் தயாரிப்பு வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறான். "அங்கே சொல்றதெல்லாம் யூடியூப்ல இருக்கு, இன்னும் நல்லாவே சொல்றாங்க" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. – ஒரு தாய்

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது அம்மா. முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். பவுலின் கடல் பயணங்களை வரைபடத்தோடு காட்டும் காணொளிகளை நானே பார்த்து ரசித்திருக்கிறேன். கரும்பலகையில் என்னால் அப்படி வரைய முடியாது. தகவலுக்காக மட்டும்தான் வகுப்பு என்றால் அவன் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மறைக்கல்வி எதற்கு என்பதை 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு மடலில் தெளிவாக எழுதினார். கிறிஸ்துவைப் பற்றித் தெரிந்துகொள்வதோடு அது நிற்பதில்லை, அவரோடு நெருங்கிய உறவில் மனிதரைச் சேர்ப்பதே அதன் நோக்கம் என்றார். உறவு என்று வந்துவிட்டால் ஆள் வேண்டும்.

திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தை மகனோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். எத்தியோப்பிய அரசு அதிகாரி தேரில் போகிறார். கையில் எசாயாவின் ஏடு இருக்கிறது, வாசித்துக்கொண்டே போகிறார். அந்தக் காலத்தில் சொந்தமாக ஓர் ஏடு வைத்திருப்பது பெரிய வசதி. "வாசிப்பது புரிகிறதா?" என்று பிலிப்பு கேட்கிறார். "யாராவது விளக்கிக் காட்டாவிட்டால் எப்படிப் புரியும்?" என்கிறார் அதிகாரி. பிலிப்பு தேரில் ஏறி அவர் பக்கத்தில் உட்காருகிறார். உங்கள் மகன் கையிலும் ஏடு இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. காணொளியில் பேசுகிறவருக்கு இவன் பெயர் தெரியாது. இவன் ஒரு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்.

ஒரு காரியம் செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த காணொளி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் கொடுக்கும்படி ஆசிரியரிடமும் கேளுங்கள். கொடுப்பார் என்றே நம்புகிறேன். ஒருவேளை அந்த வகுப்பில் பாடப்புத்தகத்தை வரிக்கு வரி வாசித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்றால், பையன் மேல் குறையில்லை. அதைப் பங்குத்தந்தையிடம் பேச வேண்டியது நீங்கள்.

"பைபிளில் எந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது கான்ஸ்டன்டைன் மன்னன். நீசேயாவில் ஓட்டுப்போட்டு மற்ற நற்செய்திகளை எரித்துவிட்டார்கள்" என்று ஒரு ரீலை என் மாணவன் வகுப்பில் போட்டுக்காட்டினான். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "இதெல்லாம் பார்க்காதே" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். சரியா? – மறைக்கல்வி ஆசிரியர்

சரியில்லை ஐயா. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பையன் உங்களுக்குக் கொடுத்தது ஒரு பரிசு. அதே ரீலை வீட்டில் தனியாகப் பார்த்துவிட்டு, ஒன்றுமே பேசாமல் நம்மைவிட்டு விலகிப்போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். இவன் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தான். அடுத்த வாரமே அதை மறுபடி எடுங்கள்.

என் வகுப்பில் இதே ரீல் வந்தது. முழுவதையும் ஓடவிட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு மறுக்க ஆரம்பித்தால் டீச்சர் பயப்படுகிறார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்ததும் கேட்டேன்: யார் பேசுகிறார்? எந்த ஆவணத்தைக் காட்டுகிறார்? எந்த ஆண்டைச் சொல்கிறார்? ஒரு பெண், "டீச்சர், அவர் ஒண்ணுமே காட்டல, பின்னாடி மியூசிக்தான் பயமா இருக்கு" என்றாள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

இனி விவரத்துக்கு வருவோம். நீசேயா சங்கம், அதாவது ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை, கூடியது 325இல். கூட்டியவர் கான்ஸ்டன்டைன் என்பது உண்மை. அங்கே பேசப்பட்டது ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரியா குருவின் போதனை: இறைமகன் படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே பொருளானவரா என்பது. உயிர்ப்பு விழாவை எப்போது கொண்டாடுவது என்றும் பேசினார்கள். சங்கம் இயற்றிய 20 ஒழுங்குவிதிகளும் இன்றும் நம் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட விவிலிய நூல்களின் பட்டியலைத் தொடவில்லை. நான்கு நற்செய்திகள்தான் என்று லியோன் ஆயர் இரேனியு வாதாடி எழுதியது 180 வாக்கில், கான்ஸ்டன்டைன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட மடல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதியது. அதன் ஆண்டு 367. அப்போது நீசேயா முடிந்து 42 வருடம் ஆகிவிட்டது.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ரீலில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, அதை நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டியல் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கவில்லை. எபிரேயர் மடல், யாக்கோபு, 2 பேதுரு, திருவெளிப்பாடு போன்றவை குறித்துச் சபைகளுக்குள் நீண்ட காலம் கருத்து வேறுபாடு இருந்தது. கான்ஸ்டன்டைன் 50 விவிலியப் பிரதிகள் எழுதித் தரும்படி செசரியா ஆயர் யூசேபியுவுக்கு ஆணையிட்டதும் உண்மை. இதையெல்லாம் மறைத்தால், நாளைக்கு வேறொரு ரீலில் தெரிந்துகொண்டு "டீச்சர் நம்மகிட்ட சொல்லவே இல்ல" என்பார்கள்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். அதே கைப்பேசியில் கோடெக்ஸ் சினாய்டிக்குஸ் இணையதளத்தைத் திறக்கச் சொன்னேன். 4ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதிய கிரேக்க விவிலியம் அது. அதன் பக்கங்கள் இப்போது லண்டன், லைப்சிக், சீனாய் மலை மடம், ரஷ்ய தேசிய நூலகம் என்று நான்கு இடங்களில் பிரிந்துகிடக்கின்றன. படமெடுத்த பக்கங்களை 2009 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கிரேக்கம் தெரியாது, எனக்கும் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் பக்கத்துக்கு நான்கு பத்தியாக நெருக்கி எழுதிய எழுத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த அறையில் சத்தமே இல்லை. வரிகளுக்கு நடுவே பின்னால் வந்தவர்கள் போட்ட திருத்தங்கள் தெரிந்தன. ஒருவன் கேட்டான், "டீச்சர், கடைசியில் பர்னபா மடல்னு ஒண்ணு இருக்காமே, அது நம்ம பைபிள்ல இல்லையே?" ஆமாம், இருக்கிறது. 'ஹெர்மாசின் ஆயர்' (இங்கே ஆயர் என்றால் மேய்ப்பர்) என்ற நூலும் அதோடு இருக்கிறது. இன்னொருத்தி மாற்கு நற்செய்தி அதில் 16:8இலேயே முடிந்துவிடுவதைப் பற்றி வாசித்துவிட்டு, 9 முதல் 20 வரை யார் எழுதியது என்றாள். தன் விவிலியத்தைப் புரட்டி அந்த இடத்தில் இருந்த அடிக்குறிப்பைக் கண்டுபிடித்ததும் அவளேதான்.

அன்று நான் தயாரித்து வந்த பாடம் நடக்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஏதோ ஓர் அரசன் எழுதிவைத்த கதை என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகமே கையால் எழுதி, சரிபார்த்து, வாக்குவாதம் செய்து, காப்பாற்றித் தந்த நூல் இது என்று தெரிந்துகொண்டு போனார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். நமக்குச் சாதகமான பொய்யையும் இதே கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். "விவிலியத்தில் 'அஞ்சாதே' என்ற சொல் 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று" என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் வருடா வருடம் சுற்றுகிறதே, அதைத் தேடச் சொல்லுங்கள். அஞ்சாதே, அஞ்சாதீர், அஞ்சாதீர்கள், அஞ்ச வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணட்டும். 365க்குப் பக்கத்தில்கூட வராது. "அப்போ கடவுள் அஞ்சாதேன்னு சொல்லலையா?" என்று யாராவது கேட்பார்கள். சொன்னார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்று அந்த வசனங்களையே எடுத்து வாசியுங்கள். ஆகாரிடம், கிதியோனிடம், மரியாவிடம். எண்ணிக்கையைவிட அது எவ்வளவோ மேல்.

மகளின் கைப்பேசியில் இறக்கிய விவிலியச் செயலியில் தோபித்து நூலே இல்லை. போலியான செயலியா?

போலி இல்லை. அது சீர்திருத்தச் சபைகள் பயன்படுத்தும் பதிப்பாக இருக்கும். அதில் 66 நூல்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73. வேறுபடும் ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தர், தானியேல் நூல்களிலும் சில பகுதிகள் கூடுதலாக உண்டு. பல செயலிகளில் பதிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும், பாருங்கள். மாற்றும்போது ஏன் இந்த வேறுபாடு என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்வியை வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். மற்றச் சபைப் பிள்ளைகளைக் குறை சொல்லாமல் பதில் சொல்ல நல்ல வாய்ப்பு அது.

நான் கல்லூரியில் படிக்கிறேன். விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்களை எல்லாம் சாட்ஜிபிடியிடம்தான் கேட்கிறேன். அது திட்டாது, "இப்படியெல்லாம் கேட்கலாமா" என்று முகம் சுளிக்காது. இது தப்பா அக்கா?

தப்பில்லை தங்கச்சி. "அது திட்டாது" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வார்த்தையில்தான் நான் நின்றுவிட்டேன். நாங்கள், பெரியவர்கள், படிக்க வேண்டிய வரி அது. ஒரு பெண் சந்தேகம் கேட்க இயந்திரத்தைத் தேடிப் போகிறாள் என்றால், மனிதர்களிடம் கேட்டபோது அவளுக்கு என்ன கிடைத்தது என்று நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது அந்தக் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருகிறது என்று கற்றுக்கொண்டு, அதன்படி பதிலைக் கோத்துத் தருவதுதான் அதன் வேலை. அதனால் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். தவறாகச் சொல்லும்போதும் அதே நம்பிக்கையான குரலில் சொல்லும், அதுதான் சிக்கல். இல்லாத வசனத்துக்கு அதிகாரமும் எண்ணும் போட்டுக் கொடுத்துவிடும்.

2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க நிறுவனம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவு உருவத்தை வெளியிட்டது. குருவானவர் உடை, தாடி, 'ஃபாதர்' என்று பெயர். அது தன்னை உண்மையான குரு என்றே சொல்லிக்கொண்டது. அவசரத்துக்கு விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானத்தில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, கொடுக்கலாம் என்றது. உண்மையான தண்ணீர் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 849. சில நாள்களிலேயே அந்த உருவத்தின் குரு உடையையும் 'ஃபாதர்' பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். உருவாக்கியவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் குரு என்பவர் திருநிலைப்படுத்தப்பட்ட ஓர் ஆள். அந்த இடத்தில் குரலையும் உடையையும் மட்டும் கொண்டுவந்து நிறுத்த முடியாது.

ஆகவே இப்படிப் பயன்படுத்து. இந்தத் தலைப்பில் விவிலியத்தில் எங்கெல்லாம் பேசப்படுகிறது, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எந்த எண்களில் இருக்கிறது என்று கேள். பிறகு அந்த இடத்தை நீயே திறந்து பார். முன்பின் வசனங்களையும் வாசி. பத்தில் ஓர் இடம் தவறாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாய், அதுவே ஒரு நல்ல பயிற்சி.

ஆனால் உன் பாவம், உன் துக்கம், நீ எடுக்கப்போகிற பெரிய முடிவு, இவற்றை அங்கே கொட்டாதே. நீ தட்டச்சு செய்வது ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. ஒப்புரவில், அதாவது பாவ அறிக்கையில், நீ சொல்வதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது, அந்த இரகசியம் மீற முடியாதது என்று திருச்சபைச் சட்டம் 983 சொல்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கருவி உன்னோடு ஒத்துப்போகவே பார்க்கும். உன்மேல் அன்புள்ள ஒருவர் சில நேரம் ஒத்துப்போக மாட்டார். உனக்காக இரவில் முழந்தாளிட்டுச் செபிக்கவும் அவரால்தான் முடியும். திட்டாத ஒரு பெரியவர் உன் பக்கத்தில் நிச்சயம் இருப்பார். ஒரு சிறிய கேள்வியை முதலில் கேட்டுப் பார், முகத்தைக் கவனி. அவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

60 வயதைத் தாண்டிவிட்டேன். பவர்பாயிண்ட்கூடத் தெரியாது. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இளையவர்களுக்கு வழிவிட்டு விலகிவிடலாமா?

தயவுசெய்து விலகாதீர்கள். உங்கள் கடிதத்தைப் போலவே ஒரு கடிதம் கி.பி. 400 வாக்கில் புனித அகுஸ்தீனுக்கு வந்தது. எழுதியவர் கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்குப் போதிக்கும்போது தன் பேச்சு தனக்கே சலிப்பாக இருக்கிறது என்று அவர் புலம்பியிருந்தார். பவர்பாயிண்ட் இல்லாத காலத்திலும் கொட்டாவி இருந்திருக்கிறது!

அகுஸ்தீன் ஒரு சிறிய நூலாகவே பதில் எழுதினார். கேட்கிறவர் சோர்ந்துவிட்டால் அவரிடம் கேள்வி கேளுங்கள், நின்றே களைத்திருந்தால் உட்கார ஓர் இருக்கை கொடுங்கள் என்கிறார். சொல்லிச் சொல்லிப் பழகிய விஷயம் சலிக்கிறதா? நாம் தினமும் கடந்துபோகும் அழகான இடங்களை, பார்த்தே இராத நண்பருக்குச் சுற்றிக்காட்டும்போது அவருடைய வியப்பில் நமக்கும் அந்த இடம் புதிதாகிவிடுகிறதே, அப்படிக் கேட்கிறவரின் அன்போடு சேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார். இதில் எதற்கும் புரொஜெக்டர் தேவையில்லை.

திரையும் படமும் வேண்டிய நாளில் வகுப்பில் உள்ள பிள்ளைகளிலேயே ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். ஆர்வமாகச் செய்வார்கள். உங்கள் பங்கு வேறு: நாற்பது வருடம் செபித்த ஓர் ஆள் எப்படி இருப்பார் என்று அவர்கள் பார்க்க வேண்டும். 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் திருப்பணிகளில் ஒன்றாகவே ஏற்படுத்தினார். அந்த மடலை ஒருமுறை வாசியுங்கள், தெம்பு வரும்.

பிள்ளைகள் ஞாயிறு திருப்பலியை ஆன்லைனில் பார்த்தால் போதுமா? ஒப்புரவு?

நோயாளிக்கும் நடமாட முடியாதவருக்கும் அது பெரிய ஆறுதல். நன்றாக இருக்கிற பிள்ளைக்குப் போதாது. இணையத்தில் அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை, ஒப்புரவு போன்றவை) இல்லை என்று வத்திக்கான் ஆவணம் ஒன்று 2002லேயே சொல்லிவிட்டது. நற்கருணையைத் திரை வழியாக உட்கொள்ள முடியாது. ஒப்புரவும் வீடியோ அழைப்பில் கிடையாது.

என் மகள் கார்லோ அகுதிஸ் படத்தை மேசையில் வைத்திருக்கிறாள். "அவரும் கம்ப்யூட்டரில்தான் இருந்தார்" என்று சொல்லியே மணிக்கணக்கில் திரை முன் உட்காருகிறாள். என்ன சொல்வது?

முதலில் சந்தோஷப்படுங்கள். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட ஒரு புனிதரைத் தன் வயதுக்காரராக அவள் பார்க்கிறாள். பிறகு அவருடைய வாழ்க்கையை முழுவதும் வாசிக்கக் கொடுங்கள். கார்லோ 1991இல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்தார். 2006 அக்டோபர் 12 அன்று இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது வயது 15. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். கணினி நிரல் எழுதத் தானே கற்றுக்கொண்டு, உலகெங்கும் நடந்த நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் செய்தார். அது பலருக்கும் தெரியும்.

பலர் விட்டுவிடுவது மற்றதை. அவர் தினமும் திருப்பலிக்குப் போனார். தன் பங்கில் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். தெருவில் படுத்திருந்தவர்களுக்குத் தன் சேமிப்பிலிருந்து வாங்கிக்கொடுத்தார். வீடியோ கேம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத்தானே எல்லை வைத்துக்கொண்டார் என்று அவருடைய தாயார் சொல்லியிருக்கிறார். இதை நீங்கள் கண்டிக்கும் குரலில் சொல்ல வேண்டாம். மகளே வாசித்து அந்த வரிக்கு வரட்டும்.

எல்லாரும் அசலாகப் பிறக்கிறோம், பலர் நகலாக இறக்கிறோம் என்பது கார்லோ சொன்னது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' மடலில் அதை எடுத்துக்காட்டுகிறார். அடுத்தவரைப் பார்த்தே தன்னை வடிவமைத்துக்கொள்ளச் சொல்லும் வலைத்தளங்களுக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு இந்த ஒரு வரியை வைத்தே ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

இரவு செபத்துக்குப் பிள்ளைகள் கைப்பேசியோடு உட்காருகிறார்கள். கேட்டால் "பைபிள் இதுல தாம்பா இருக்கு" என்கிறார்கள். – ஒரு தந்தை

கைப்பேசியில் விவிலியம் வாசிப்பதில் குறையே இல்லை. இறைவார்த்தை தோல் சுருளில் இருந்தது, ஏட்டில் இருந்தது, அச்சில் வந்தது, இப்போது திரையில் இருக்கிறது. ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு செய்தி வந்து விழுந்தால் எந்தப் பெரியவரின் கண்ணும் அங்கேதான் போகும். குடும்பமாகச் செபிக்கும்போது அச்சிட்ட விவிலியம் ஒன்றே ஒன்று போதும். ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் காதால் கேட்கட்டும். தினம் ஒருவர் முறை. கைப்பேசிகள் அடுத்த அறையில், உங்களுடையதும் சேர்த்து.

மார்ட்டின் லூத்தர் 1529இல் தம் சிறிய மறைக்கல்வி நூலை வெளியிட்டபோது, அதன் பகுதிகள் முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகத்தான் அச்சாகி வந்தன. வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதினார். நம் சபை வேறாக இருந்தாலும் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தாளில் இந்த வாரத்து நற்செய்தியிலிருந்து ஒரு வசனத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகள் கையெழுத்திலேயே.

எனக்கு 17 வயது. மறைக்கல்வித் தேர்வில் நான்தான் முதல். ஆனால் செபிக்கும்போது உள்ளே ஒன்றுமே இல்லை. இன்ஸ்டாகிராமில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் எதுவும் நடக்கவில்லை? நான் நடிக்கிறேனா?

நடிக்கிறவன் இப்படிக் கடிதம் எழுதமாட்டான் தம்பி.

நீ பார்ப்பது அவர்கள் வாழ்க்கையில் ஒரு நிமிடம். அவர்களே தேர்ந்தெடுத்து, வெட்டி, இசை சேர்த்துப் போட்ட நிமிடம். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற நாள்கள் அதில் இல்லை. அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது உலகமே திகைத்துப்போனது. கடவுளின் இருப்பை உணரவே முடியாத இருளில் அவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார், அந்த இருளோடேயே தினமும் செபித்திருக்கிறார், நோயாளிகளைத் தூக்கியிருக்கிறார். அவரைத்தான் திருச்சபை 2016இல் புனிதராக அறிவித்தது. உணர்வு வராததை வைத்து உன் விசுவாசத்தை அளக்காதே.

திருப்பாடல் 88ஐ எடுத்து வாசி. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நன்றிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அதுவும் விவிலியத்தில் இருக்கிறது, அதுவும் செபம். உனக்குள் ஒன்றுமே இல்லை என்றால் அதையே அந்த வார்த்தைகளில் சொல்லலாம்.

இயேசு உயிர்த்ததை நம்ப மறுத்த சீடர் தோமாவைப் பற்றியும் சொல்கிறேன். "நான் நம்பவே மாட்டேன்" என்று சொன்ன பிறகு எட்டு நாள் அவர் அந்தச் சீடர்களோடுதான் இருந்தார். அவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை, அவரும் போய்விடவில்லை. யோவான் 20ஐ வாசித்துப் பார். நீயும் போய்விடாதே. உன் மறைக்கல்வி ஆசிரியரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. இந்த வெறுமை செபத்தில் மட்டுமில்லாமல் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது என்றால் வீட்டில் சொல்லி மருத்துவரையும் பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவர்களுக்கு வாட்ஸப் குழு தொடங்கலாம் என்றிருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? – இளம் மறைக்கல்வி ஆசிரியர்கள்

இதில் நான் கண்டிப்பானவள். பெற்றோருக்குத் தெரியாமல் குழுவே வேண்டாம். 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், பெற்றோர் எண்ணைச் சேருங்கள். குழுவில் பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் எப்போதும் இருக்கட்டும். எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளைக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. பிள்ளை தனியாக அனுப்பினால், "ஞாயிறு நேரில் பேசுவோம்" என்று பதில் போட்டுவிட்டு மற்ற ஆசிரியருக்கும் தெரிவித்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் செய்தி வேண்டாம். ஒரு பிள்ளை தனக்கு யாரோ தீங்கு செய்வதாகச் சொன்னால் அது மட்டும் ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது. அன்றே பங்குத்தந்தைக்கும், சட்டப்படி சொல்ல வேண்டியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

புகைப்படம் போடுவதற்குப் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முதல் நற்கருணை நாளின் படம் என்றாலும் சரி, பெயரும் முகமும் சேர்த்துப் பொதுவெளியில் போடாதீர்கள். குழுவில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் முதலில் சரிபாருங்கள், அந்த 365 கதை உட்பட.

விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, பங்குத்தந்தையிடம் காட்டி, பெற்றோர் கூட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குழுவை அதற்குப் பிறகு தொடங்கலாம்.